பஞ்சி பிடித்த மனுசன்

சோம்பலை எங்கள் தீவில் பஞ்சி என்போம். சோம்பல் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிற கெட்ட குணம். பஞ்சி அப்படியில்லை. அது எல்லாருக்கும் வரும், போகும். மத்தியானம் சோறு தின்ற பிறகு வரும், மாரி காலத்தில் விடியப்புறம் வரும். "பஞ்சியாக் கிடக்கு" என்று ஒருவர் சொன்னால் யாரும் காரணம் கேட்பதில்லை. என்னுடைய மனுசனுக்கு மட்டும் அது வந்த இடத்திலேயே தங்கிவிட்டது என்று நான் பல வருசமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருப்பது சரவணையில். வீட்டுக்குப் பின்னால் கிணறும் தோட்டக்காணியும் இருக்கின்றன. வெங்காயம், மிளகாய், மாரியில் கொஞ்சம் நெல். பிள்ளைகள் இல்லை. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். தோட்டம் அவருடைய பொறுப்பு. கட்டின புதிதில் ஐம்பது கிலோ வருகிற ஓர் அந்தர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் படலையிலிருந்து கிணற்றடி வரைக்கும் வாயில் பாட்டோடு நடப்பார். கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டினால் பார்க்கிறவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். எங்கள் அம்மா அந்தக் கால்களைப் பார்த்துத்தான் சம்பந்தத்துக்குச் சம்மதித்தாராம். மூஞ்சியைப் பார்த்தாரோ தெரியாது.

அந்தக் கால்கள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. பருமனில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எங்கள் எல்லாரையும் பேய்க்காட்டி ஏமாற்றியது.

பஞ்சி முதலில் சைக்கிளில் தொடங்கியது. ஏறி மிதிக்காமல் உருட்டிக்கொண்டு போவார். கேட்டால், "ஆர் மிதிக்கிறது, பஞ்சியாக் கிடக்கு" என்பார். பிறகு கோயில் அன்னதானம். பந்தியில் நிலத்தில் இருக்கமாட்டார். தூணோடு சாய்ந்து நின்று, பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பழஞ்சோறு போடச் சொல்லுவார். சனத்தோடு சேர்ந்து இருந்து சாப்பிட அவருக்குக் கெப்பர், பெரிய தலைக்கனம் என்று ஊரில் கதைத்தார்கள். எனக்கும் கோபம்தான். கோயிலில் சுடச்சுடச் சோறும் சாம்பாரும் பாயாசமும் இருக்க, வீட்டில் வந்து பச்சை மிளகாயைக் கடிக்கிற மனுசனை என்ன செய்வது?

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தோட்டத்தில் சத்தமே இல்லை. தண்ணீர் இறைக்கிற மிசின் சும்மா கிடக்கிறது. பக்கத்தில் கவிழ்த்து வைத்த வாளியில் இவர் குந்தி இருக்கிறார்.

"என்னப்பா, மிசின் பழுதோ?"

"இல்லை. கயிறு இழுக்கப் பஞ்சியாக் கிடக்கு."

"வெங்காயம் வாடிக் கிடக்கு. உங்களுக்குப் பஞ்சியோ?"

"நீர் ஒருக்கா இழுத்துவிடுமன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் கயிற்றை இழுத்தேன். முதல் இழுவைக்கு இருமியது, அடுத்த இழுவைக்கு ஓடத் தொடங்கியது. "கெட்டிக்காரி!" என்று கைதட்டினார். நான் ஏசினேன். எப்படி ஏசினேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. எங்கள் பக்கத்துப் பெண்சாதிமார் எப்படி ஏசுவார்கள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதற்காக இப்போது நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போவதுமில்லை. அவர் பஞ்சி என்றார், நான் நம்பினேன். கட்டின மனுசன் சொல்வதை நம்பாமல் வேறு யார் சொல்வதை நம்புவது?

அடுத்த வளவில் இருக்கிற மச்சாள், அவருடைய மூத்த அக்கா, வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "எடி பிள்ளை, தம்பியை நீதான் பழுதாக்கிப்போட்டாய். எங்கட சின்னையாவும் உப்பிடித்தான். குந்தினால் எழும்பமாட்டார். அவருக்கு ஊரிலை பேரே பஞ்சிச் சின்னையா." சொல்லிவிட்டு அவரும் சிரித்தார், இவரும் சிரித்தார். இவர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார் என்று இப்போது படுகிறது.

அதற்குப் பிறகு கயிறு இழுக்கிற மிசினைத் தூக்கி ஒதுக்கிவிட்டு, சுவிட்ச் போட்டால் ஓடுகிற மோட்டர் ஒன்று வாங்கிப் பூட்டினோம். கட்டில் உயர்ந்தது. கதிரைக்கு ஒரு மெத்தை வந்தது, பிறகு அதற்கு மேல் இன்னொரு மெத்தை. எழும்பும்போது இரண்டு கையையும் துடையில் ஊன்றி, தன் உடம்பிலேயே தான் ஏறுகிற மாதிரி எழும்புவார். நான் அதையும் பகிடி பண்ணிச் சிரித்தேன். ஒரு வீட்டில் மாற்றங்கள் இப்படி ஒவ்வொன்றாக வந்தால் கண்ணுக்குத் தெரியாது.

தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். பள்ளிக்கூடத்தால் வந்து குசினிக்குள் பார்த்தேன், ஆளில்லை. காலமை போட்டு மூடிவைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது. கிணற்றடிக்குப் போனால் சீமெந்தில் மல்லாந்து படுத்திருக்கிறார். முகம் வெயிலில் கன்றிப்போய், உதடு வெடித்திருக்கிறது.

"என்ன இதிலை படுத்திருக்கிறியள்?"

"வெயில் நல்லாக் கிடந்தது. எழும்பப் பஞ்சியாக் கிடந்தது. அப்பிடியே படுத்திட்டன்."

வாய் வரைக்கும் ஏச்சு வந்துவிட்டது. அப்போதுதான் அவருடைய முழங்கைகளைப் பார்த்தேன். இரண்டிலும் தோல் உரிந்து இரத்தம் காய்ந்திருந்தது. கிணற்றுக்கட்டின் பக்கத்தில் பாசி நீளமாக வழித்தெடுத்தபடி கிடந்தது. விரல் நகங்களுக்குள் பச்சையாகப் பாசி. காலமையிலிருந்து அவர் அந்தக் கட்டைப் பிடித்து எழும்பப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பஞ்சி பிடித்தவனுக்கு முழங்கை உரியாது. மச்சாளைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே கொண்டுவந்தோம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். அவர் கெண்டைக்காலை அமத்திப் பார்த்தார், கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழும்பச் சொன்னார். எழும்ப முடியவில்லை. "குடும்பத்திலை வேறை ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?" என்று கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார். எனக்கு அவருடைய அப்பாவின் தம்பி, அந்தச் சின்னையாவின் நினைவு வந்தது. சொன்னேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அவர் நடந்து திரிஞ்சவரோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் கலியாணம் முடித்து வருமுன்பே அவர் இறந்துவிட்டார். அவர் எப்போதும் ஒரு கதிரையில் இருந்ததாகத்தான் எல்லாரும் சொல்லுவார்கள்.

டொக்டர் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். தசையின் பருமன் ஒன்று, பலம் இன்னொன்று. பருமன் இருந்தும் பலம் இல்லையென்றால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். தசை நல்லாக இருந்தும், விழுந்துவிடுவோம் என்ற பயத்தாலோ கனநாள் பாவிக்காததாலோ மூளை அதை முழுதாக வேலைக்குக் கூப்பிடாமல் விட்டிருக்கலாம். அப்படியென்றால் பயிற்சி கொடுத்துத் திருப்பி எடுக்கலாம். அல்லது மூளை சரியாகக் கூப்பிட்டும் தசையில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். வெளியில் அதே பருமன், உள்ளே கொழுப்பு. அப்படியென்றால் அதற்கு மருந்தில்லை. எது என்று அளந்து பார்க்கலாம் என்று சொல்லி, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு பொம்பிளைப் பிள்ளையிடம் அனுப்பினார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலாவது காரணம் என்றால் அது கிட்டத்தட்டப் பஞ்சிதான். மூளையில் பிடித்த பஞ்சி. அந்த மனுசனுக்குப் பஞ்சி இருக்கவேண்டும் என்று அதுவரைக்கும் நான் ஆசைப்பட்டதில்லை. அன்றைக்கு ஆசைப்பட்டேன்.

அளக்கப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நயினாதீவு அம்மாளாச்சி கோயிலுக்குப் புறப்பட்டோம். பஸ் புங்குடுதீவையும் தாண்டிக் குறிகட்டுவானில் இறக்கிவிட்டது. கடல் அன்றைக்குக் கொஞ்சம் கொந்தளிப்பு. இறங்குதுறைக்கும் படகுக்கும் நடுவில் ஓர் எட்டு வைக்கிற இடைவெளி. இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவர்களும் கடந்து ஏறிவிட்டார்கள். இவர் விளிம்பில் நின்று அந்த இடைவெளியைப் பார்த்தார். படகுக்காரர் கையை நீட்டினார். இவர் கையைக் கொடுக்கவில்லை.

"நீர் போயிட்டு வாரும். எனக்குப் பஞ்சியாக் கிடக்கு. நான் இதிலை இருக்கிறன்."

டொக்டரிடம் காட்டி, கதிரையிலிருந்து எழும்ப முடியாததை நான் கண்ணால் கண்ட பிறகும் அதே சொல். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. தனியாகப் போனேன். சந்நிதியில் நின்று நான் கும்பிட்ட மாதிரி வேறு எந்தப் பெண்சாதியும் கும்பிட்டிருக்கமாட்டாள். அம்மாளாச்சி, இந்த மனுசன் கள்ளன் எண்டு வரவேணும். இவ்வளவு நாளும் என்னைப் பேய்க்காட்டி வேலைக்குக் கள்ளம் அடிச்சவர் எண்டு வரவேணும். அப்பிடி வந்தால் உனக்குப் பட்டு சாத்துவன்.

திரும்பி வந்தபோது அவர் இறங்குதுறையில் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டிருந்தார். திருநீறு பூசிவிட்டேன். "என்ன நேத்தி வைச்சனீர்?" என்று கேட்டார். வெளியில் சொன்னால் பலிக்காது என்று சொல்லிவிட்டேன்.

அளக்கிற இடம் ஒரு கட்டடத்தின் பின்பக்கத்து அறை. அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதுகூட இருக்காது. நடுவில் பட்டிகள் பூட்டிய பெரிய கதிரை, பக்கத்தில் கம்பியூட்டர். முதலில் துடையைச் சுற்றி அளவுநாடா பிடித்தது. பிறகு களி பூசி, வயிற்றுப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒரு கருவியை உருட்டித் தசையின் தடிப்பை அளந்தது. அந்தப் படத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தது.

அடுத்தது உதைக்கிற அளவை. கதிரையில் கட்டி இருத்தி, கணுக்காலில் ஒரு பட்டி போட்டு, முன்னுக்கு உதைக்கச் சொல்லுவார்களாம். உதைக்கிற பலம் திரையில் கோடாக ஏறும். கோடு உச்சிக்கு ஏறி நிற்கும்போது துடைக்கு ஒரு சின்னக் கரண்ட் கொடுப்பார்களாம்.

"கரண்டோ?" என்றார் இவர். "இண்டைக்குப் பஞ்சியாக் கிடக்கு பிள்ளை. இன்னொரு நாளைக்கு வருவம்."

அந்தப் பிள்ளை சிரித்தது. "அன்ரி, நீங்கள் ஒருக்கா இருந்து காட்டுங்கோவன். ஐயாவுக்குப் பயம் தெளியும்."

வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா? இவரை முன்னால் இருத்திவிட்டு நான் அந்தக் கதிரையில் ஏறினேன். பட்டி இறுக்கியது. "உங்களிட்டை இருக்கிற பலம் முழுசும் போட்டு உதையுங்கோ, அன்ரி." உதைத்தேன். கோடு ஏறியது. "இன்னும், இன்னும், விடாதேங்கோ!" பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தேன். கோடு உச்சியில் நின்றபோது துடையில் யாரோ சுண்டின மாதிரி ஓர் அதிர்ச்சி. கோடு படக்கென்று மேலே துள்ளியது.

"பாத்தீங்களோ அன்ரி, முழுசா உதைச்சனான் எண்டு நினைச்சியள். இன்னும் மிச்சம் கிடக்கெண்டு கால் சொல்லுது. நீங்கள் தெரிஞ்சு ஒளிக்கேல்லை. மூளை தானாக் கொஞ்சம் பிடிச்சு வைக்கும். எல்லாரிட்டையும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்."

இவர் துடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "இப்ப தெரியுதோ, இந்த வீட்டிலை ஆருக்குப் பஞ்சியெண்டு?" நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளையும் சிரித்தது. எனக்கு உள்ளுக்குள் நம்பிக்கையே வந்துவிட்டது. ஓடியாடி வேலை செய்கிற என்னிடமே இவ்வளவு மிச்சம் இருந்தால், இந்த மனுசனிடம் எவ்வளவு இருக்கும்! கோடு கூரைக்குத் துள்ளும் என்றுதான் நினைத்தேன்.

அவரை ஏற்றி இருத்தினோம். கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டார். "இப்ப உதையுங்கோ ஐயா." உதைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. முப்பது வருசத்தில் நான் கேட்காத ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. கோடு மெல்ல ஏறி, நான் உதைத்த உயரத்துக்குப் பாதியும் வராமல் நின்றது. துள்ளு, துள்ளு என்று நான் மனதுக்குள் கத்தினேன். அந்தப் பிள்ளை பொத்தானை அமத்தியது. அவருடைய துடை துடித்ததைக் கண்ணால் கண்டேன்.

கோடு துள்ளவில்லை.

"இன்னொருக்கா, ஐயா." அதே மாதிரித்தான். கருவியில் பிழையோ என்று பார்க்க, காலைச் சும்மா தொங்கப்போடச் சொல்லி ஒருமுறை கரண்ட் கொடுத்தது. அப்போது கோட்டில் சின்னதாக ஒரு மேடு வந்தது. கருவியில் பிழையில்லை. அந்தப் பிள்ளை துடையின் தடிப்பையும் கோட்டின் உயரத்தையும் வைத்து ஏதோ கணக்குப் பார்த்தது. பிறகு பட்டிகளை ஆறுதலாகக் கழற்றத் தொடங்கியது.

இவர்தான் கேட்டார். "என்ன பிள்ளை, என்ரை கோடு துள்ளேல்லை?"

"நீங்கள் முழுசாக் குடுத்திட்டியள் ஐயா. ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை."

அந்தப் பிள்ளை அதைப் பாராட்டாகவே சொன்னது. நல்ல மனது. ஆனால் டொக்டர் சொன்ன இரண்டாவது காரணம்தான், மருந்தில்லாததுதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. இவர் தலையைக் குனிந்துகொண்டு, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். களவு பிடிபட்டவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். இத்தனை வருசமும் பஞ்சி பஞ்சி என்று சொல்லி ஒளித்து வைத்திருந்ததை ஒரு கோடு காட்டிக்கொடுத்துவிட்டது. மிசின் கயிற்றின் முன்னால் குந்தி இருந்த அன்றைக்கும், சைக்கிளை உருட்டிக்கொண்டு போன நாட்களிலும், கிணற்றடியில் கிடந்த வெள்ளிக்கிழமையும், அந்த மனுசன் தன்னிடம் இருந்ததை முழுதாகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என் மனுசனைப் போல உழைக்கிற ஆள் எங்கள் தீவிலேயே இருக்கவில்லை. எனக்கு அந்த அறையிலேயே அழுகை வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, களி வழிகிறது என்று சொல்லி அவருடைய துடையையும் துடைத்துவிட்டேன்.

திரும்பும்போது ஓட்டோ பிடித்தோம். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், காற்றில் கதைக்க முடியாது. அல்லைப்பிட்டி தாண்டினதும் காற்றுக் கொஞ்சம் அடங்கியது.

"அந்தப் பிள்ளை கெட்டிக்காரி" என்றார் பிறகு.

"ஓம்" என்றேன். அப்படியே கேட்டேன். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "பஞ்சியெண்டு சொன்னால் நீர் ஏசுவீர். ஏலாதெண்டு சொன்னால் நீர் அழுவீர். ஏச்சு எனக்குப் பழகிப்போச்சு."

எங்கள் பக்கத்தில் ஏலாது என்ற சொல் சின்னச் சொல் இல்லை. ஏலாது என்று ஒருமுறை சொன்னவனை ஊர் ஏலாவாளி என்று சொல்லிவிடும். பிறகு அவன் எழும்பி ஓடிக் காட்டினாலும் அந்தப் பெயர் போகாது. பஞ்சி பிடித்தவனோ நினைத்தால் நாளைக்கே எழும்பலாம், எழும்பி மூட்டை தூக்கலாம். அவர் தனக்கு அந்த நாளையை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதற்குத்தான் தினமும் ஏசியிருக்கிறேன். ஏசுவதென்றால் எழும்புவார் என்று நம்புவதுதானே. அந்த நம்பிக்கையில் அவர் இவ்வளவு காலம் சாய்ந்து நின்றிருக்கிறார்.

மச்சாளுக்கு விசயத்தைச் சொன்னபோது வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். தம்பிக்காக ஒரு பங்கு, சின்னையாவுக்காக ஒரு பங்கு. "அந்த மனுசன் ஒருக்கா என்னட்டைத் தண்ணி கேட்டவரடி. உங்களுக்கு எழும்பி எடுக்கப் பஞ்சியோ எண்டு கேட்டுப்போட்டுத்தான் குடுத்தனான். ஓம் பிள்ளை, பஞ்சிதான் எண்டு சிரிச்சவர்." சின்னையாவுக்கு யார் கோடு போட்டுப் பார்த்தார்கள்? பஞ்சி என்ற பெயரோடேயே அவரை எரித்துவிட்டார்கள்.

பட்டு சாத்துகிற நேத்தி நிறைவேறவில்லை. அம்மாளாச்சியோடு எனக்கு இன்னும் ஒரு சின்னக் கோபம் இருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது தோட்டத்தில் பாதியைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். மீதியில் நான் மோட்டரைப் போட, அவர் வரம்பில் கதிரையில் இருந்தபடி எந்தப் பாத்திக்குத் தண்ணீரைத் திருப்புவது என்று கத்துவார். பள்ளிக்கூடம் போகுமுன் அவரை எழுப்பி, குளிக்க வார்த்து, கதிரையில் இருத்திவிட்டுப் போவேன். எப்படித் தூக்குவது என்று அந்தப் பிள்ளை எனக்குக் காட்டித் தந்தது. முழங்காலை மடித்து, இரண்டு கையையும் அவருடைய கக்கத்துக்குக் கீழே கொடுத்து, அவர் உந்துகிற நேரம் பார்த்து நான் எழும்பவேண்டும். நான் எவ்வளவு தூக்குகிறேன், அவர் எவ்வளவு உந்துகிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவருடைய கெண்டைக்கால்கள் இன்னும் அதே பருமன். எண்ணெய் பூசும்போது கையில் கனமாகத்தான் இருக்கும்.

போன மாசம் ஒரு காலமை வழக்கம்போலக் கையைக் கொடுத்தேன். அவர் உந்தினார். ஒன்றும் வரவில்லை. திருப்பி உந்தினார். என்னுடைய தோளில் அவருடைய தாடை நடுங்கியது. கட்டில் விளிம்பில் தளர்ந்து இருந்துவிட்டார்.

"ஏலாதப்பா" என்றார்.

முப்பது வருசத்தில் அந்தச் சொல்லை அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. நான் அழுவேனோ என்று அவர் என்னுடைய முகத்தைப் பார்த்தார். அவர் பயந்தபடியே எனக்கு அழுகை வரத்தான் பார்த்தது.

இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாளுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"என்ன ஏலாது? ஏலாதாம் ஏலாது! பஞ்சி உங்களுக்கு. விடிஞ்சு வெயில் ஏறீற்றுது, இன்னும் பஞ்சி பிடிச்சுப்போய் இருக்கிறியள். எழும்புங்கோ மனுசன்!"

அவருடைய உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"ஓம்" என்றார். "பஞ்சியாத்தான் கிடக்கு."

முழங்காலை மடித்து, கையை அவருடைய கக்கத்துக்குக் கீழே கொடுத்தேன். என்னிடம் மிச்சம் இருக்கிறது என்று அந்தக் கோடு சொன்னதே, அதையும் சேர்த்துப் போட்டுத் தூக்கினேன்.